அங்கீகரிக்கப்பட்ட தும்மல்

ஒரு தும்மலுக்கு டிரம்ஸ் வாசித்துப் பதக்கம் வாங்கியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். இனிமேல் எவனாவது பிறந்து வந்து வாங்கினாலும் அவன் இரண்டாவது ஆள். அது லேசுப்பட்ட தும்மலும் இல்லை. கிளம்பிய வேகத்தில் மண்டபத்துச் சரவிளக்கு ஊஞ்சலாடியது. முன்வரிசையில் இருந்த செயலாளர் அம்மாவின் கொண்டை மட்டும் தனியாக எழுந்து, பின்வரிசைக்கு மாற்றலாகிப் போனது.

இதை முடிவெட்டுகிறவர் நம்பினார். தபால்காரர் நம்பினார். பல் டாக்டர்கூட, என் வாயில் கையை வைத்துக்கொண்டே, நம்பியதாகத் தலையாட்டினார். நம்பாதது என் தங்கை ஒருத்திதான். நான் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைச் சந்தேகப்படுகிறவள் அவள்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டிருந்த காலத்துல, லிஃப்ட் கூரையைப் பிச்சுக்கிட்டு மொட்டை மாடிக்கு மேலே போச்சுன்னு சொன்ன ஆளுதானே அண்ணே நீ?" என்பாள்.

போனது உண்மை. கொஞ்ச தூரம்தான் போனது.

மற்றவர்கள் நம்பினால் எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். ஆனால் தங்கை நம்பியே ஆகவேண்டும். ஏனென்றால் தும்மியவர் யாரோ எவரோ. அன்றைக்குப் பியானோவில் உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன்.

நாங்கள் மூன்று பேர். பியானோ, என் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் காலமெல்லாம் மருந்து அளந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆளுயர பாஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவன் ஒட்டடைக்குச்சி; செயற்கைப் பல் செய்வது அவன் தொழில். காற்று பலமாக அடித்தால் வாத்தியம்தான் அவனைப் பிடித்துக்கொள்ளும். டிரம்ஸ் நான். சோபா தைக்கும் கடையின் பின்னறையில், பஞ்சு பிதுங்கிய சோபாக்களுக்கு நடுவே, சனிக்கிழமை பகல் முழுவதும் ஜாஸ் வாசிப்போம். எங்களுக்கு ஜாஸ் என்றால் இவ்வளவுதான்: யாராவது ஒருவர் எதையாவது தொடங்கவேண்டும், மற்ற இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஒரு பாட்டை ஆரம்பித்தால், வெளியே மழை வந்து, நின்று, ரோடும் காய்ந்திருக்கும். நாங்கள் அப்போதுதான் சூடாகியிருப்போம். யாராவது ஒருவர் தொடங்குவார் என்றேனே, இப்போது யோசித்துப் பார்த்தால், எப்போதும் தொடங்கியது மாப்பிள்ளைதான். அப்போது அதை யோசிக்கவில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒத்திகை கூடாது. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வரக்கூடாது. "ஒத்திகை பார்த்துட்டு வர்றவன் துரோகி" என்று சொல்லிச் சட்டத்தைப் போட்டதே மாப்பிள்ளைதான். நாங்கள் இருவரும் கைதட்டி நிறைவேற்றினோம்.

மாப்பிள்ளையிடம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. பாட்டு எங்கேயோ உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அவருடைய விரல் ஒன்று வழுக்கி, போகக்கூடாத கட்டையில் போய் விழும். விழுந்ததும் அவரே திகைத்துப்போய், "அட!" என்பார். அப்புறம் அந்தத் தப்பையே கையில் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு தெருவுக்குள் நுழைவார். நாங்களும் நுழைவோம். லிஃப்ட்காரனுக்கு வாழ்க்கை முழுக்கத் தெரிந்த மாடிகள்தான். எந்தக் கதவு திறந்தாலும் அது நேற்றுப் பார்த்த அதே தாழ்வாரம். அந்த "அட!" வரும்போது மட்டும், கதவு திறந்தால் எந்த மாடி என்று எனக்குத் தெரியாது. அதற்காகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன்.

இத்தனை வருடம் வாசித்ததெல்லாம் பஞ்சுக்குள் போய்விட்டது. ஒன்றைக்கூடப் பதிவு செய்து வைக்கவில்லை. இந்த வருடம் ஒட்டடைக்குச்சி இடது கையை விரித்துக் காட்டினான். இரண்டு விரல் மடங்க மறுத்தன.

"டாக்டர் பார்த்துட்டாருடா. கொஞ்ச நாள்ல மிச்ச விரலும் ஸ்ட்ரைக்ல சேர்ந்துடுமாம்" என்றான். "அதுக்குள்ள ஒரே ஒரு ஆல்பம். நீளநீளமா மூணு பாட்டு. நாம நெசமாவே வாசிச்சோம்னு ஒரு சாட்சி வேணும்."

நல்ல பியானோவும் பதிவுக் கூடமும் இருந்தது நல்லிசைப் பேரவையில் மட்டும். போனோம்.

பேரவைக் கட்டடத்தின் தாழ்வாரம் எவ்வளவு நீளம் என்றால், வாசலில் வெயில் அடிக்கும்போது கடைசி அறையில் தூறிக்கொண்டிருக்கும். காத்திருக்கும் பெஞ்சில் ஒரு புல்லாங்குழல்காரர் இருந்தார். தனியாகத்தான் வந்தாராம், காத்திருந்த காலத்தில் பக்கத்து பெஞ்சு வயலின்காரியைக் கல்யாணம் செய்து, இப்போது குடும்பமே ஓர் இசைக்குழு. எங்களுக்குரிய இடம் 'தன்னிச்சை இசைப் பிரிவு'. அந்தப் பிரிவில் தன்னிச்சையாக யாரும் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது.

செயலாளர் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன வாசிக்கப்போறீங்க?"

"தெரியாதுங்க" என்றேன்.

"எப்போ தெரியும்?"

"வாசிச்ச பிறகு."

"அப்போ வாசிக்கிறதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்?"

"யாருக்குமே தெரியாதும்மா. அதுதான் இதுல விசேஷமே" என்றான் ஒட்டடைக்குச்சி, பணிவாக.

அம்மா பேனாவை மூடினார். "யாருக்குமே தெரியாத விஷயத்தைப் பேரவை ஆதரிக்க முடியாது. பேரவைக்குத் தெரியாத விஷயத்தை ஆதரிக்கிறோம், அது வேற."

கடைசியில் ஒரு வழி சொன்னார். முதலில் குழுவின் முன்னால் மாதிரி வாசிப்பு. அதைப் பதிவு செய்து, குழு கேட்டு, சம்மதித்தால் ஆல்பம்.

மாதிரி வாசிப்பு அன்று மண்டபம் நிறைய உறுப்பினர்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும் அனுபவம் எல்லோருக்கும் இருந்தது. நடுவில் தலைவர். நாற்காலிக்கென்றே அளவெடுத்துச் செய்த மனிதர்.

வாசித்தோம். கடவுளே, என்ன வாசிப்பு! இதில் நான் மிகைப்படுத்தவே இல்லை, அதற்கு இடமே இல்லை. ஒட்டடைக்குச்சி மடங்காத இரண்டு விரலையும் மறந்து, மிச்ச விரலாலேயே வாத்தியத்தைப் பேசவைத்தான். இரண்டாவது பாட்டின் நடுவில் மூன்று பேரும் சொல்லி வைத்ததுபோல் நிறுத்தினோம். முழு மௌனம். அந்த மௌனத்தில்தான் தலைவர் தும்மினார். நான் சும்மா இருப்பேனா? தும்மலின் வாலைப் பிடித்து சிம்பலில் ஒரு தட்டு. பாஸ் அதைப் பிடித்தது. பாட்டு எழுந்து வேறு ஊருக்குப் போய்விட்டது. மூன்றாவது பாட்டில் மாப்பிள்ளையின் விரல் வழுக்கியது. "அட!" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தலைவர் எழுந்து உரையாற்றினார்.

"சுதந்திரம்தான் கலையோட உயிர். நீங்க சுதந்திரமா வாசிச்சீங்க. குழுவுக்குப் பரம திருப்தி. அதனால, இன்னைக்கு வாசிச்ச அதே சுதந்திரத்தை, ஒரு இம்மி கூடாம குறையாம, பதிவு அன்னைக்கும் வாசிக்கணும். உங்க சுதந்திரத்துல தலையிட எங்களுக்கு உரிமை இல்லை. அதை மாத்த உங்களுக்கும் உரிமை இல்லை."

பலத்த கைதட்டல். தூங்கியவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"ஐயா, இன்னைக்குப் பதிவு பண்ணினதையே ஆல்பமா போட்டுடலாமே?" என்றேன்.

தலைவர் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது மாதிரி. மாதிரியை எப்படி வெளியிட முடியும்? அசல் வேண்டாமா?"

பதிவு நாளில் கூடத்தின் மூலையில் ஒரு ஒப்புநோக்கு அலுவலர் உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் மாதிரி ஓடும். மறு காதில் நாங்கள். இரண்டும் பிசகினால் முன்னாலிருக்கும் மேசை மணியைத் தட்டுவார். நான் குச்சியை ஓங்கினேன். டிங்.

"இன்னும் அடிக்கவே இல்லையே சார்?"

"மாதிரியில நீங்க உட்காரும்போது முழங்கால் 'சடக்'குன்னு சத்தம் போட்டுச்சு. இப்போ போடல."

எழுந்து உட்கார்ந்தேன். எழுந்து உட்கார்ந்தேன். வேண்டாத நேரத்தில் மாடிப்படி முழுக்கக் கத்துகிற முழங்கால், அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டது. ஒருவழியாகச் சத்தம் போட்டபோது, டிங். "இது இடது முழங்கால். அங்கீகரிக்கப்பட்டது வலது."

ஒட்டடைக்குச்சிக்கு மூச்சு விட்டதற்கெல்லாம் டிங். அவன் பெருமூச்சு விட்டான்; அது மாதிரியில் இல்லாததால் அதற்கும் டிங். கைபோன போக்கில் ஒரு முறை வாசித்ததை, எந்த மனிதனால் மறுபடி வாசிக்க முடியும்? நேற்றுக் கண்ட கனவை இன்றைக்கு அதே வரிசையில் காணச் சொன்னால் எப்படி?

மாப்பிள்ளைக்கு மட்டும் மணி அடிக்கவே இல்லை.

முதலில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க மாப்பிள்ளை ஞாபகசக்தியைப் பார்த்தீங்களா சார்?" என்று அலுவலரிடம் அளந்தேன். "ஆஸ்பத்திரியில ஆயிரம் மருந்துப் பெயரைத் தலைகீழாச் சொல்லுவார். நோயாளியே தலைகீழாத் தொங்கிக்கிட்டுக் கேட்டாலும் சொல்லுவார்!"

மூன்றாவது பாட்டுக்கு வந்தோம். எனக்கும் பாஸுக்கும் மணி அடித்து அடித்து, கடைசியில் பியானோவை மட்டும் தனியாக ஓடவிட்டார்கள். உச்சத்தில் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையின் விரல் வழுக்கியது. அதே கட்டை.

"அட!" என்றார்.

அதே உயரத்தில். அதே திகைப்பில். அதே மூச்சின் அதே மீதியில்.

மணி அடிக்கவில்லை. அலுவலர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பிரமாதம் சார்! என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. அந்த 'அட' இருக்கே, ஒரு மயிரிழை பிசகல!"

ஒட்டடைக்குச்சி பாஸை மெதுவாகச் சுவரில் சாய்த்தான். "மாப்பிள்ளை, அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிங்க" என்றான். எனக்கு மாப்பிள்ளை என்றால் அவனுக்கும் மாப்பிள்ளைதான்.

வாசித்தார். விரல் வழுக்கியது. "அட!"

நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் பியானோவைப் பார்த்தார்.

தேநீர் இடைவேளையில், தாழ்வாரத்தின் தூறல் விழும் கோடியில் அவரைப் பிடித்தேன்.

"எப்படி மாப்பிள்ளை?"

"நல்லா ஞாபகம் இருந்துச்சு மச்சான்."

"வழுக்கினதுகூடவா?"

சட்டைக் கையை மடித்தார். மடித்ததை அவிழ்த்தார். "அது தானா வருது."

"'அட'?"

"அதுவும் வாய்ல வந்துடுச்சு."

"மூணு தடவையும் ஒரே வாய்லயா?"

தேநீரைக் கீழே கொட்டாமல், ஒரு சொட்டு சிந்தாமல், அளந்ததுபோல் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தேன். அது என்னுடைய கோப்பைகூட இல்லை.

உள்ளே போனால் இன்னொரு பிரச்சினை வெடித்திருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் தும்மலைக் காணோம்! அங்கீகரிக்கப்பட்ட மாதிரியில் இருக்கிற தும்மல் அசலில் இல்லாவிட்டால் ஆல்பம் செல்லாது. துணைத் தலைவர் தான் தும்முவதாக முன்வந்தார். தலைவரின் தும்மலைத் துணைத் தலைவர் தும்ம விதியில் இடமில்லை. தலைவரையே அழைத்து வந்து ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்தார்கள். மிளகுத்தூள் வந்தது. இறகு வந்தது. ஜன்னலைத் திறந்து சூரியனைப் பார்க்கவைத்தார்கள். அந்த ஜன்னலைத் திறக்க மட்டும் தனியாக ஒரு கூட்டம் நடந்தது. கோப்பு அறையிலிருந்து, யாரும் தொடாத பழைய தூசியைத் தட்டில் ஏந்தி வந்தார்கள். கட்டடமே தும்மியது. காவலாளி தும்மினார், புல்லாங்குழல்காரரின் கடைக்குட்டி தும்மியது, தலைவர் மட்டும் தும்மவில்லை.

"கலைஞனை அவசரப்படுத்தாதீங்க" என்றார் தலைவர், மூக்கைத் தடவியபடி. "உள்ளேயிருந்து வரணும். எனக்கு உத்வேகம் வந்தாத்தான் வரும். இதெல்லாம் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்யற காரியமா?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிச் சிரிப்புகூட இல்லை. ஒட்டடைக்குச்சி மட்டும் இருமிக்கொண்டே வெளியே போனான். அது இருமல் இல்லை.

கடைசியில் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்தபோது தும்மல் வந்தது, முதல் பாட்டிலேயே. ஒப்புநோக்கு அலுவலர் கடமை தவறாதவர். டிங். தலைவரின் தும்மலுக்கே மணி! அன்று மாலையே அலுவலர் 'மௌன ஆய்வுப் பிரிவு'க்கு மாற்றப்பட்டார். அங்கே மணி கிடையாது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். அசலைப் பதிவு செய்ய முடியவில்லை என்பது இப்போது முறைப்படி நிரூபணமாகிவிட்டதால், மாதிரியையே அசலாக அறிவித்து வெளியிடுவது என்று தீர்மானம். முதல் நாள் நான் சொன்ன அதே யோசனை. அதைக் கண்டுபிடித்ததற்காகச் செயலாளர் அம்மாவுக்குப் பாராட்டு.

வெளியீட்டு விழாவில் ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தோம். முழு அட்டையும் தலைவர். கண்ணை மூடி, மூக்கு விடைத்து, சாமி வந்தவர்போல் சன்னத நிலையில். 'மூவர் குழு: தலைவரும் துணைக் கலைஞர்கள் மூவரும்' என்று போட்டிருந்தது. தனி வாசிப்புக்கான தங்கப் பதக்கம் தும்மலுக்கு. அந்தத் தும்மலுக்குத் துணை வாசித்த வகையில், பதக்கம் என்று சொல்லத்தக்க ஒன்று எனக்கு. மேடையில் தலைவர் நன்றிக்காக மூக்கை உறிஞ்சியபோது அவையே எழுந்து நின்றது.

அப்புறம் அவர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார்.

"நாங்க இத்தனை நாளா தேடின கலைஞர் இவர்தான். முழு சுதந்திரமா வாசிப்பார். ஆனா ஒருநாளும் நம்மளை ஆச்சரியப்படுத்த மாட்டார். இனிமே தன்னிச்சை இசைக்கு இவர்தான் பயிற்சி ஆலோசகர்."

மாப்பிள்ளை எங்கள் பக்கம் பார்க்காமல் கைகூப்பினார். சம்மதம் என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒட்டடைக்குச்சி ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். "சாட்சி கேட்டேன். கிடைச்சுது" என்றான் கடைசியில். "ரெண்டு பேர் நெசமா வாசிச்சிருக்காங்க. அது அதுல இருக்குல்ல?"

"இருக்குடா."

அடுத்த சனிக்கிழமை அவன் சோபாக் கடைக்கு வரவில்லை. நான் போனேன். பிதுங்கிய சோபா ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் அருமையாகச் சத்தம் போட்டது, வலதுதான்.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்லிக்கொண்டே, ஆல்பத்தை அவள் வீட்டு மேசையில் வைத்தேன். மாப்பிள்ளை பேரவைக்குப் போயிருந்தார். அவள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தும்மலுக்குப் பதக்கம். மணிக்கு மாற்றல். கொண்டை பறந்துச்சு" என்றாள். "அண்ணே, வயசு ஆக ஆகப் புளுகு கூடிக்கிட்டே போகுது உனக்கு."

"கொண்டையை விட்டுடு. உன் வீட்டுக்காரர் வீட்ல ஒத்திகை பார்ப்பாரா? அதை மட்டும் சொல்லு."

"பியானோவே இல்லாத வீட்ல எங்கேண்ணே ஒத்திகை? சும்மா அவர் மேல பழியைப் போடாதே."

"அந்தப் பின்ரூம்ல சாயங்காலம் கதவைச் சாத்திக்கிட்டு என்ன செய்யறார்?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுவார். டக்கு டக்குன்னு. காதுல மாட்டிக்குவார். நான் எதுக்கு எட்டிப் பார்க்கணும்?"

நான் ஆல்பத்தைப் போட்டேன்.

முதல் பாட்டு முடியும்வரை அவள் இஸ்திரியிலேயே கண்ணாக இருந்தாள். இரண்டாவதில் மௌனம் வந்தது. தும்மல் வந்தது. சிம்பல் விழுந்தது. தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, நெசமாவே தும்மியிருக்கான் மனுஷன்!" நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் அண்ணனும் தங்கையும் ஒன்றாகச் சிரித்தோம்.

மூன்றாவது பாட்டு. பியானோ ஏறத்தொடங்கியது. அவள் மறுபடி சட்டையை எடுத்து விரித்தாள். இடது கை விரல்கள் இஸ்திரிப் பலகையின் விளிம்பில் தாமாகத் தட்ட ஆரம்பித்தன. டக்கு, டக்டக்கு, டக்கு. பாட்டுக்கு ஏற்றமாதிரி தட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அவள் விரல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பியானோதான் அதன் பின்னால் வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, என் கதை பொய்யாகிப் போகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பியானோ உச்சத்துக்குப் போனது. தங்கை காலரை மடித்து, பெட்டியை அழுத்தி, யோசிக்காமல், வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட ஒன்றைச் சொல்வதுபோல்,

"அட!" என்றாள்.

அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை சொன்னார்.

அவள் கை நின்றுவிட்டது. பாட்டு எங்கள் இருவரையும் விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் புதுத் தெருவுக்குள் போனது. பாஸ் பின்னாலேயே ஓடியது, என் டிரம்ஸும் ஓடியது, இரண்டும் எவ்வளவு சந்தோஷமாக ஓடுகின்றன என்று கேட்கச் சகிக்கவில்லை. சட்டையிலிருந்து கருகல் வாசனை வந்தது. பெட்டியை நான்தான் எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"மருந்துல ஒரு சொட்டு மாறினா ஆள் போயிடும்பார்ண்ணே" என்றாள், காலரைப் பார்த்துக்கொண்டே. "தப்பு வந்துடுமோன்னு அவருக்கு எப்பவும் பயம். தப்பைக்கூட முன்னாடியே சரிபார்த்து வெச்சுக்குவார் போல."

நான் பேசவில்லை. பேசாமல் இருந்தது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள். "நடந்துச்சு."

"தும்மலா?"

"எல்லாமே."